தொழுகை விரிப்பும் நெய்த கையும்

தொழுகைக்கு விரிக்கப்படும் கம்பளம் தூய்மையாக இருந்தால் போதுமா, அதை நெய்தவருக்கு நியாயமும் கிடைத்திருக்க வேண்டுமா என்னும் வினாவுக்கு, கீழைநாட்டுக் கம்பளங்களின் மறுமலர்ச்சி பற்றிய பேச்சில் சாயத்துக்குக் கிடைத்த இடம் கிடைக்கவில்லை. 1856இல் வில்லியம் பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்த சில பத்தாண்டுகளுக்குள் மலிவான நிறங்கள் பாரசீகத் தறிகள்வரை எட்டி, விரைவில் வெளிறி, அரசே தடைவிதிக்கும் நிலையை உண்டாக்கின. இழந்த இயற்கைச் சாய முறையை மீட்க 1981இல் ஹரால்ட் போமர் என்னும் செர்மானியர் மர்மரா பல்கலைக்கழகத்தின் துணையுடன் துருக்கியின் அய்வாஜிக் சிற்றூர்களில் தொடங்கிய திட்டமே இம்மறுமலர்ச்சியின் தொடக்கமாகப் பெரிதும் போற்றப்படுகிறது.

கையின் வரலாறு அத்தனை அழகானதன்று. வின்சர் கோட்டையின் வாட்டர்லூ மண்டபத்துப் பெருங்கம்பளம் விக்டோரியா அரசிக்காக ஆக்ராச் சிறைக் கைதிகள் நெய்தது. சிறைத்தறிகளைக் கண்டித்து 1880இல் எழுதிய ஆங்கிலேய அதிகாரி ஜார்ஜ் பேர்ட்வுட்டும், கெட்டுப்போன கோலங்களுக்காக வருந்திய அளவுக்குக் கைதிக்காக வருந்தவில்லை. பாவுநூல் இரண்டைச் சுற்றிக் கம்பளி இழையைக் கட்டி, கத்தியால் அறுத்து, கனத்த சீப்பால் அடித்து இறுக்கும் ஒற்றை முடிச்சு ஒரு கம்பளத்தில் பல இலட்சம் முறை திரும்ப வருகிறது. சிறுவர் விரலே நுண்முடிச்சுக்கு ஏற்றது என்பது வணிகர்களுக்கு வசதியான கதை மட்டுமே. குழந்தை உழைப்பில்லாக் கம்பளத்துக்கு முத்திரையிடும் ரக்மார்க் அமைப்பு இந்தியச் செயற்பாட்டாளர் கைலாஷ் சத்யார்த்தியின் முன்முயற்சியால் 1994இல்தான் தோன்றியது.

மார்க்க மரபு விரிப்பின் அழகைப் பெரிதாக எண்ணியதில்லை. நபிகள் நாயகம் ஈச்ச ஓலையால் முடைந்த 'கும்ரா' என்னும் சிறுபாயில் தொழுததாகவும், கோலமிட்ட ஆடையொன்று தொழுகையில் கவனத்தைக் கலைத்ததால் அதைத் திருப்பி அனுப்பியதாகவும் நபிமொழிகள் கூறுகின்றன. ஆனால் அபகரித்த நிலத்தில் தொழுவது பற்றி 'ஃபிக்ஹ்' எனப்படும் மார்க்கச் சட்டவியல் விரிவாக வாதிட்டிருக்கிறது: கடமை நிறைவேறும், பாவம் நிற்கும் என்பது பெரும்பான்மையோர் கருத்து, தொழுகையே கூடாது என்பது ஹன்பலி மரபில் வலுவாக ஒலிக்கும் கருத்து. நிலத்துக்குப் பொருந்தும் இவ்வாதம், கூலி மறுக்கப்பட்ட கையிலிருந்து வந்த விரிப்புக்கும் பொருந்தாதிருக்கக் காரணமில்லை. விரிப்பும் ஒருவரின் உரிமையைப் பறித்துப் பெற்ற பொருளாகிவிடுகிறது.

பினாங்கின் டத்தோ கிராமாட் போன்ற வட்டாரங்களில் தமிழ் முஸ்லிம்களுக்கு இவ்வினா தொலைவானதன்று. அத்தீவில் குடியேறியவர்களுள் கடையநல்லூர் நெசவுக் குடும்பங்களும் உண்டு. ஆலைத்துணி கைத்தறியை நசுக்கிய காலத்தில் ஊரைவிட்டுக் கப்பலேறியவர்கள் அவர்கள். இன்று மலேசியப் பள்ளிவாசல்களில் பெரும்பாலும் காணப்படுவதோ, 'ஸஃப்' எனப்படும் தொழுகை வரிசைகள் குறிக்கப்பட்டுச் சுருள்சுருளாக வரும் இயந்திரக் கம்பளம். முடிச்சிடும் கையே இல்லாததால் அநீதியும் இல்லை என்று அதைக்கொண்டு வினாவை முடித்துவிடலாம் எனத் தோன்றலாம். எனினும் கையை நீக்கியதற்கான விலையைத் தறியிழந்த குடும்பங்களே கொடுத்தன என்பதால், அபகரிப்பு என்பதன் எல்லை எதுவரை நீளும் என்பதைச் சட்டவியலார் இனித்தான் வகுக்க வேண்டியிருக்கிறது.