ஆறுதல் பெற மறுத்த தாய்

கிறிஸ்துமஸ் நாட்களில் கிறிஸ்தவ இல்லங்களில் குடில் அமைப்பது வழக்கம். வைக்கோல் பரப்பி மரியன்னை, சூசையப்பர், இடையர்கள் ஆகியோரின் உருவங்களை அதில் வைப்பார்கள். நடுவிலுள்ள தீவனத் தொட்டி மட்டும் பல வீடுகளில் வெறுமையாக இருக்கும். டிசம்பர் 24 நள்ளிரவில்தான் குழந்தை இயேசுவின் சிறு உருவத்தை அதில் கிடத்துவார்கள்.

அதே நாட்களில் தங்கள் பச்சிளங்குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர் அந்தக் குடிலின்முன் எவ்வாறு நிற்பார்கள்? ஊரெங்கும் ஒரு குழந்தை பிறந்த மகிழ்ச்சி. அவர்கள் வீட்டிலோ தொட்டில் வெறுமையாகிவிட்டது. ஒவ்வொரு பாடலும் ஒவ்வொரு வாழ்த்தும் அவர்கள் இழந்ததையே நினைவூட்டும். ‘எல்லாம் இறைவன் திருவுளம், பக்தி உள்ளவர் இப்படி அழலாமா?’ என்று சுற்றத்தார் கூறுவார்கள். துயரப்படுவது நம்பிக்கைக் குறைவா? இதுவே இங்கு எழும் கேள்வி.

ஜெர்மானியக் கவிஞர் ஃபிரீட்ரிக் ரூக்கெர்ட் நம் நாட்டிற்கு அந்நியர் அல்லர். நளதமயந்தி கதையையும் கீதகோவிந்தத்தையும் தம் மொழியில் பெயர்த்தவர். 1833-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் அவரது பிள்ளைகளை ஸ்கார்லெட் காய்ச்சல் தாக்கியது. மூன்று வயது மகள் லூயிசே டிசம்பர் 31 அன்று இறந்தாள். ஐந்து வயது மகன் எர்ன்ஸ்ட் 1834 ஜனவரி 16 அன்று இறந்தான். அவர்களை நினைத்து ரூக்கெர்ட் 400-க்கும் மேற்பட்ட கவிதைகள் எழுதினார்; அவற்றை நூலாக வெளியிடவில்லை. 1866-இல் அவர் மறைந்து, 1872-இல்தான் அவை நூல் வடிவம் பெற்றன. குழந்தைகள் இறைவனின் காவலில் இருக்கிறார்கள் என்ற அமைதி சில கவிதைகளில் உண்டு. அந்த அமைதி கிடைத்த பின்னும் புலம்பல் மீண்டும் வருகிறது. அவரிடம் நம்பிக்கையும் கண்ணீரும் ஒன்றையொன்று விரட்டவில்லை. இரண்டும் ஒரே உள்ளத்தில் குடியிருந்தன.

கிறிஸ்து பிறப்பின் வரலாறே இதற்கு இடமளிக்கிறது. மத்தேயுவின் நற்செய்தியில், இயேசு பிறந்த செய்தியை அடுத்து ஏரோது மன்னனின் கொடுமை வருகிறது. பெத்லகேமிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த, இரண்டு வயதும் அதற்கு உட்பட்டதுமான ஆண் குழந்தைகளை அவன் கொல்விக்கிறான். அந்த இடத்தில் மத்தேயு, எரேமியா தீர்க்கதரிசி கூறிய ராகேலை நினைவுகூர்கிறார். தன் பிள்ளைகளுக்காக அழுது, ஆறுதல் பெற மறுத்த தாய் அவள். ‘ஏன் ஆறுதல் அடையவில்லை?’ என்று மத்தேயு அவளைக் கண்டிக்கவில்லை. அவளுக்கு விளக்கம் எதுவும் சொல்லவுமில்லை. அவள் அழுகையை அப்படியே பதிவு செய்கிறார். கத்தோலிக்கத் திருச்சபை கிறிஸ்துமஸிற்கு மூன்று நாள் கழித்து, டிசம்பர் 28 அன்று அந்த மாசில்லாக் குழந்தைகளின் நினைவைப் போற்றுகிறது. ஆகவே குழந்தையை இழந்த தாய் கிறிஸ்துமஸிற்குப் புறம்பானவள் அல்லள்.

அப்படியானால் நம்பிக்கை என்பது என்ன? தமிழ் விவிலியங்களை ஒப்பிட்டால் ஒரு நுட்பம் புலப்படும். பழைய மொழிபெயர்ப்பு, கிறிஸ்தவ நற்பண்புகள் மூன்றையும் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்கிறது. பொது மொழிபெயர்ப்போ நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்கிறது. முன்னதில் ‘நம்பிக்கை’ என்று நின்ற பண்பே பின்னதில் ‘எதிர்நோக்கு’ ஆகிறது. இறைவனின் நன்மையை இன்னும் காணாமலே அதை எதிர்பார்த்திருப்பது அது. கண்டுவிட்டவனுக்கு அது தேவையில்லை. இழப்பின் நடுவில் இருப்பவனுக்கே தேவை. நம்பிக்கையற்றோரைப்போல் துயருறாதீர்கள் என்றுதான் தெசலோனிக்கருக்குப் புனித பவுல் எழுதினார். துயரமே கூடாது என்று அவர் எழுதவில்லை.

இந்த எதிர்நோக்கு கிறிஸ்தவ சிந்தனையிலும் எளிதில் கனியவில்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளின் நிலை என்ன என்ற கேள்வி அதை நெடுங்காலம் வாட்டியது. மிக மென்மையானதே எனினும் அவர்களுக்குத் தண்டனை உண்டு என்று கருதினார் புனித அகஸ்டின். இடைக்காலச் சிந்தனையாளர்கள் ‘லிம்போ’ என்ற ஒரு நிலையைக் கூறினர். அங்கு வேதனை இல்லை, இறைக்காட்சியும் இல்லை. எத்தனை தாய்மாரின் துயரை இக்கருத்துகள் இரட்டிப்பாக்கியிருக்கும்! 2007-இல், போப் பதினாறாம் பெனடிக்டின் ஒப்புதலுடன் வாடிகனின் சர்வதேச இறையியல் ஆணையம் ஓர் ஆவணத்தை வெளியிட்டது. அக்குழந்தைகள் இறைவனை அடைவர் என்று எதிர்நோக்க வலுவான காரணங்கள் உள்ளன என்றும், அது ஐயமற்ற அறிவு அன்று என்றும் அது கூறியது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாமல், அன்பே வடிவான இறைவனிடம் குழந்தையை ஒப்படைக்கும் அந்த நேர்மை போற்றத்தக்கது.

இந்துக்களாகிய நாமும் இங்கு நம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டும். துயருற்ற வீட்டிற்குச் சென்று ‘கர்மவினை’ என்றும் ‘ஆன்மாவிற்கு மரணமில்லை’ என்றும் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! அந்த உண்மைகள் சாதகன் தன் வாழ்வில் தானே உணர வேண்டியவை. பிறர் கண்ணீரை அடக்கும் கருவிகள் அல்ல.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் தம் அண்ணன் மகன் அட்சயனின் மரணத்தை அருகிலிருந்து கண்டார். உறையிலிருந்து வாளை உருவுவதுபோல் உயிர் பிரிந்ததையும், வாளுக்கு எதுவும் நேராததையும் கண்டு ஆனந்தம் கொண்டார். ஆனால் மறுநாள், ஈரத் துணியைப் பிழிவதுபோல் தம் இதயம் பிழியப்பட்டதாக அவரே கூறினார். தமக்கே இப்படியென்றால் இல்லறத்தாரின் வேதனை எத்தகையது என்று எண்ணினார். லாசரை உயிர்ப்பிக்கப்போவதை அறிந்திருந்தும் இயேசுநாதர் கண்ணீர் விட்டார். மரணத்திற்கு அப்பால் கண்டவர்களே அழுதிருக்க, ஒரு தாயின் அழுகையைக் குறையென்று யார் சொல்ல இயலும்?

ஸ்ரீராமகிருஷ்ண மடங்களில் ஆண்டுதோறும் டிசம்பர் 24 மாலை இயேசுநாதரை வழிபடுகிறோம். அன்று கூடுவோரிடையே தொட்டில் வெறுமையான ஒரு வீட்டிலிருந்து வந்தவரும் இருக்கலாம். அவருக்குத் தத்துவம் கூற வேண்டியதில்லை. குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் அப்பெயரைச் சொல்லி அவருடன் பிரார்த்திப்போம். பெயரிடுமுன் மறைந்திருந்தால் அருகில் அமர்ந்திருப்போம். ராகேலின் கண்ணீரைத் தன் வேதத்தில் இடம்பெறச் செய்த இறைவன் அந்தக் குழந்தையையும் மறவான் என்ற எதிர்நோக்கு, உரிய காலத்தில் அவர் உள்ளத்தில் தானே மலரட்டும்.