தொட்டிக்கட்டு வீட்டின் வாசற்படி

காங்கேயம் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீடுகளைப் பார்க்கக் கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். எங்கள் அப்பாரு கட்டிய வீட்டுக்கும் வந்தார்கள். திண்ணை, உட்காரும் கூடமான ஆசாரம், நடுவே வானம் பார்த்த தொட்டி, சுற்றிலும் ஓட்டுத் தாழ்வாரம், தவசம் ஏற்றி வைக்க அட்டாலி. மழை பெய்தால் நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் தொட்டியில் விழுந்து ஓடும். கோடையில் சூடு அதே வழியாக மேலே போய்விடும். சுண்ணாம்புச் சுவர் சித்திரை வெயிலிலும் சில்லென்றிருக்கும்.

இந்த அழகில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் ஒரு வீடு அறத்தோடு நின்றதா என்பதை எதை வைத்துச் சொல்வது? வழிப்போக்கருக்குத் திண்ணை இருந்ததே என்பார்கள். இருந்தது, எல்லோருக்கும் இல்லை.

எங்களுடையது கவலை இறைத்துப் பாய்ந்த தோட்டம். எருதுகள் வாரிச் சரிவில் இறங்க, சால் கிணற்றை விட்டு மேலேறும். அடியிலுள்ள தோல் தும்பி தண்ணீரை வாய்க்காலில் கொட்டும். அந்தத் தும்பியைத் தைத்தவர் அருந்ததியர். அதன் வழியே வந்த தண்ணீரில் விளைந்த ராகிதான் எங்கள் அடுப்பில் களியானது. தைத்தவரோ கட்டுத்தரை ஓரமாக நின்று, உயரத்திலிருந்து ஊற்றிய கூழைக் கையேந்திக் குடித்தார். கேட்டால், உள்ளே விட்டால் சாமி குத்தம் என்பார் ஆத்தா. தும்பித் தோலைத் தொட்டு வந்த தண்ணீரை ஏற்றுக்கொண்ட சாமி, தைத்த மனிதரை மட்டும் விலக்குமா? விலக்கியது நாம், பழியைச் சாமி மேல் போட்டோம்.

தீண்டாமைக்கு எதிரான பயணத்தில் 1934இல் காந்தி கோவைக்கு வந்தார். 1947இல் சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. கோயில் பொது இடம் என்பதால் சட்டம் அதன் கதவைத் திறந்தது. ஒரு வீட்டின் ஆசாரத்தில் யாரை உட்கார வைப்பது என்பதை அந்த வீட்டாரின் மனசாட்சிக்கு விட்டது. அதனால் பக்தியின் மெய்யான சோதனை கோயிலில் இல்லை, வீட்டு வாசற்படியில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். பூசையறையில் விளக்கேற்றிவிட்டு வாசலில் ஒருவரை நிறுத்தும் வீட்டில் வழிபாடு நடக்கிறது, அறம் நடப்பதில்லை.

பழைய வீடுகளை இடிக்காமல் காப்பாற்றுவோம். பார்க்க வரும் பிள்ளைகளுக்குத் தூணையும் தொட்டியையும் காட்டுகிறவர்கள், கூழ் ஊற்றிய இடத்தையும் காட்டுங்கள். பிறகு வந்தவர் எல்லோரையும், யார் எவர் என்று கேட்காமல், ஆசாரத்தில் உட்காரவைத்துச் சோறு போடுங்கள்.