செஞ்சோறும் வொறன்ரியும்

1899 டிசம்பரில் ஒஷாவாவில் ஒரு குதிரைவண்டித் தொழிற்சாலை எரிந்து சாம்பலானது. அதன் சொந்தக்காரர் றொபேட் மக்லொக்லின். 'ஒரே தரம், அதுவும் அதியுயர்ந்த தரம்' என்பது அவருடைய வியாபார வாசகம். தீ அணைந்த கையோடு வேறு பல ஊர்கள் அவருக்குத் தூது அனுப்பின: எங்களிடம் வாருங்கள், சலுகை தருகிறோம். ஒஷாவா 50,000 டொலர் கடன் கொடுத்தது. வசதிப்பட்டபோது திருப்பித் தந்தால் போதும் என்றும் சொன்னது. புதுக் கட்டடம் எழும்பும்வரை வண்டிகளை வேறோர் ஊரில் வைத்துச் செய்து வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டு, மனிதர் ஒஷாவாவுக்கே திரும்பி வந்தார். 1907 இல் அந்தக் குடும்பம் பியூக் எஞ்சின் பூட்டிய கார்களைச் செய்யத் தொடங்கியது. 1918 இல் எல்லாவற்றையும் ஜெனரல் மோட்டர்ஸுக்கு விற்றது.

இந்த ஊரில் கார்க் கொம்பனிக்கு விசுவாசமாக இருப்பது பற்றிப் பேசுகிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, அந்தத் தீயை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். ஊர் கைகொடுத்தது, முதலாளி ஊரைவிட்டுப் போகவில்லை. ஆளுக்கு ஆள் முகம் தெரிந்த கணக்கு அது. நூறு வருடத்துக்குப் பிறகும் அதே கணக்கு செல்லுமா என்பதுதான் என் கேள்வி.

ஸ்காபரோவிலிருந்து ஏஜாக்ஸ், விற்பி என்று கிழக்கே கிழக்கே நகர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வீட்டு விலைதான் எங்களை ஒஷாவாவுக்குத் தள்ளியது. காரின்மேல் உள்ள காதல் அல்ல. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஆலையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். வாழ்நாளில் வாங்கிய பிக்கப் ட்ரக்குகள் எல்லாமே ஒரே கொம்பனியுடையவை. "நாங்கள் ஜி.எம். குடும்பம்" என்பார், நாங்கள் இன்ன கோயிலடி ஆட்கள் என்று சொல்வதைப்போல. சிரிக்க எனக்கு உரிமையில்லை. எங்கள் கலியாண மண்டபங்களின் வாகனத் தரிப்பிடத்தைப் பாருங்கள்: ரொயோட்டா, ஹொண்டா, திரும்பவும் ரொயோட்டா. நாங்களும் ஒரு மதத்தில்தான் இருக்கிறோம். எங்களுடைய மதத்துக்கு நன்றி கிடையாது, கணக்கு மட்டும் உண்டு: பழுதாகாது, விற்றால் விலை போகும்.

நம்பகத்தை எதிர்பார்ப்பது வேறு, விசுவாசமாக இருப்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் வொறன்ரி என்ற கடதாசி இருக்கிறது. மூன்று வருடம் அல்லது 60,000 கிலோமீற்றர். எஞ்சினுக்கும் கியருக்கும் ஐந்து வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர். எது முதலில் வருகிறதோ அது. ஒரு வாக்குறுதி தான் எப்போது சாகும் என்பதைத் தானே எழுதி வைத்திருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வொறன்ரி நேர்மையான கடதாசி. உன்னை நான் நேசிக்கிறேன் என்று அது சொல்வதில்லை. இந்தத் தூரம்வரை உடைந்தால் என் செலவு, அதற்கு அப்பால் உன் செலவு. அவ்வளவுதான்.

ஆனால் வாங்குகிறவர் கொடுப்பது அப்படி அளந்த ஒன்றல்ல. 2025 ஏப்ரலில் ஜி.எம். தன்னுடைய 6.2 லீற்றர் வி-8 எஞ்சின் பூட்டிய 2021 முதல் 2024 வரையான பெரிய ட்ரக்குகளையும் எஸ்யூவிகளையும் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய ஆறு லட்சம் வாகனங்கள். உள்ளே இருக்கும் கிராங்க் தண்டிலோ அதை இணைக்கும் தண்டிலோ உற்பத்திக் குறை. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுபோகலாம். சோதனையில் தேறாதவற்றுக்கு எஞ்சின் திருத்தம் அல்லது புது எஞ்சின். தேறியவற்றுக்குக் கொஞ்சம் தடிப்பான ஒயிலும், அதற்கேற்ற புது மூடியும், நீட்டித்த வொறன்ரியும். கொம்பனியின் பக்கத்தில் இது நியாயமான கணக்கு. ஆனால் அந்த எஞ்சினுக்கு மேலதிகப் பணம் கொடுத்து, மூன்று தலைமுறை நம்பிக்கையோடு வாங்கியவருக்கு, தடிப்பான ஒயில் என்பது ஒரு விடையாகுமா?

இப்படியான நேரத்தில் கனடாக்காரருக்கு இருப்பது குறைவு. புதுக் கார் திரும்பத் திரும்பப் பழுதானால் பணத்தைத் திருப்பிக் கொடு என்று அமெரிக்க மாநிலங்களில் இருப்பதுபோன்ற சட்டம் ஒன்ராறியோவில் இல்லை. கியூபெக் 2023 இல் அந்தத் திசையில் சட்டம் செய்தது. மற்றவர்களுக்கு 1994 முதல் ஒரு நடுவர் ஏற்பாடு இருக்கிறது. செலவை உற்பத்தியாளர்கள் ஏற்கிறார்கள், தீர்ப்பு இரு பக்கத்தையும் கட்டுப்படுத்தும், 160,000 கிலோமீற்றர்வரை ஓடிய, நான்கு வருடத்துக்கு மேல் பழசாகாத மொடல்களுக்கு. கேட்டால் கிடைக்கும். எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. விண்ணப்பம் எழுதுவதைவிட, விற்றுவிட்டு ரொயோட்டாவுக்கு மாறுவது சுலபம்.

அல்பேட் ஹிர்ஷ்மன் 1970 இல் எழுதிய சிறு நூல் ஒன்று இதைத்தான் ஆராய்கிறது. ஒரு நிறுவனம் சரியத் தொடங்கினால் வாடிக்கையாளருக்கு இரண்டு வழி: வெளியேறுவது, அல்லது குரல் கொடுப்பது. விசுவாசம் வெளியேற்றத்தைத் தாமதப்படுத்தி, குரலை எழுப்புகிறது என்பது அவருடைய வாதம். அந்த வாதப்படி பார்த்தால் சேர்விஸ் மேசையின் முன்னால் நின்று சத்தம் போடுகிறவர்தான் விசுவாசி. முறைப்பாடு ஒன்றும் சொல்லாமல் அடுத்த வருடம் வேறு கொம்பனியில் வாங்குகிற நாங்கள் நல்ல வாடிக்கையாளர்கள், விசுவாசிகள் அல்ல.

வொறன்ரியே இல்லாத நம்பகத்தையும் நாங்கள் பார்த்து வந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ-40 உம் மொறிஸ் மைனரும் செய்த கொம்பனிகளைவிட அதிக காலம் உயிரோடு இருந்தன. 90களில் பெற்றோலுக்குத் தடை; மண்ணெண்ணெயில் அவை ஓடின, கொஞ்சம் பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பிவிட்டு. உதிரிப்பாகம் வராது. வேறு எதையாவது அராவி, பொருத்தி ஓட்டினார்கள். வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக் கொழும்புக்குப் போன பெட்போர்ட் லொறிகளை நினைத்துப் பாருங்கள். அந்த பெட்போர்ட், இங்கிலாந்தில் ஜி.எம். நிறுவனம் பெற்ற பிள்ளை என்பது இங்கே வந்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது. 80களில் ஜி.எம். அந்த லொறித் தொழிலைக் கைகழுவியது. லொறிகளுக்கு அது தெரியாது. அவை பாட்டுக்கு ஓடின. லொறிச் சொந்தக்காரர் யாருக்கு விசுவாசமாக இருந்தார்? பெயரே அறியாத இங்கிலாந்துத் தொழிற்சாலைக்கு அல்ல. கராஜில் கிடந்த மனிதருக்கு. நடுச்சாமத்தில் கதவைத் தட்டினால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வருகிற ஒருவருக்கு.

எங்களுடைய மொழியில் விசுவாசத்துக்கு இன்னும் பாரமான சொல் இருக்கிறது: செஞ்சோற்றுக்கடன். கர்ணன் எதிரே நிற்பவர்கள் தன் தம்பிமார் என்று தெரிந்தபிறகும் துரியோதனனை விட்டுப் போகவில்லை. அது சரியா பிழையா என்று பட்டிமன்றம் வைத்தே நாங்கள் வளர்ந்தோம். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். துரியோதனன் கர்ணனைப் பார்த்தான். சபை சிரித்தபோது அவனுக்கு ஒரு நாடு கொடுத்தான். கடன் ஒரு முகத்துக்குரியது. முகமில்லாத ஒன்றின் சோற்றைத் தின்றால் கடன் யாருக்கு?

ஒஷாவாவில் யார் யாருக்குச் சோறு போட்டார்கள் என்பதே குழப்பமான கணக்கு. 1937 ஏப்ரலில் ஏறக்குறைய 4,000 தொழிலாளர் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்துதான் சங்கம் என்ற ஒன்றை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். மாகாணத்தின் முதல்வரே அவர்களுக்கு எதிராக நின்றார். 2009 இல் சோறு போட்டது நாங்கள், வரி கட்டியவர்கள். கனடாவும் ஒன்ராறியோவும் ஜி.எம்.முக்குக் கொடுத்தது 10.8 பில்லியன் டொலர். முழுவதும் திரும்பி வரவில்லை. அதே வருடம் மே மாதம் ஒஷாவாவின் ட்ரக் ஆலை மூடப்பட்டது. 1899 இன் 50,000 டொலரை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அந்த வருடம் ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. திவால் நீதிமன்றத்தின் வழியாகப் பழைய கொம்பனியின் நல்ல சொத்துகளைப் புதுக் கொம்பனி வாங்கிக்கொண்டது, பெயரையும் எடுத்துக்கொண்டது. பழையதற்கு 'மோட்டர்ஸ் லிக்குயிடேஷன் கொம்பனி' என்று பெயர் மாறிற்று. எழுத்தில் கொடுத்த வொறன்ரிகளைப் புதியது ஏற்றது. பழைய கடப்பாடுகள் பலவற்றை ஏற்கவில்லை. 2014 இல், திறப்புத் துவாரத்தின் குறையால் ஓடும்போதே எஞ்சின் அணைந்து காற்றுப்பைகள் வேலைசெய்யாமல் போன சிறு கார்களின் கதை வெளிவந்தது. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. திவாலுக்கு முந்திய கார்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று புதியது வாதாடியது. 2016 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. என்னை யோசிக்க வைப்பது தீர்ப்பல்ல, அப்படி ஒரு வாதம் சாத்தியமாயிருந்ததுதான். விளம்பரத்தில் நூறு வருடப் பாரம்பரியம், நீதிமன்றத்தில் ஐந்து வயதுக் குழந்தை. பக்கத்து வீட்டுக்காரரின் விசுவாசம் இதில் யாருக்குரியது?

2018 நவம்பர் 26 அன்று ஒஷாவாவில் வாகன உற்பத்தி நிறுத்தப்படும் என்று ஜி.எம். அறிவித்தது, 2019 டிசம்பரில் நிறுத்தியது. யூனிஃபோர் சங்கம் மக்களைப் பார்த்து, வாங்கமுன் வாகனத்தின் வின் எண்ணைப் பாருங்கள், 3 இல் தொடங்கினால் மெக்சிக்கோவில் செய்தது, வாங்காதீர்கள் என்றது. 1, 4, 5 அமெரிக்கா. 2 கனடா. கண்ணாடியின் கீழ் மூலையில் இருக்கும் அந்த எண்ணை நானும் பார்க்கப் பழகினேன். சில்வராடோ என்ற ஒரே பெயரில் இந்தியானாவின் போட் வேய்னிலும், மெக்சிக்கோவின் சிலாவோவிலும், ஒஷாவாவிலும் ட்ரக்குகள் செய்யப்படுகின்றன. ஒரே பெயர், ஒரே வொறன்ரி, மூன்று ஊர். எங்கள் ஆட்கள் ஓட்டும் 'வெளிநாட்டு' ரவ்-4 பல ஒன்ராறியோவின் கேம்பிரிட்ஜிலும் வூட்ஸ்டொக்கிலும் செய்தவை. எண் 2 இல் தொடங்கும். தேசபக்தியோடு வாங்கிய ட்ரக்கின் எண் 1 ஆகவோ 3 ஆகவோ இருக்கக்கூடும்.

மெக்சிக்கோவைத் தள்ளிவைக்கச் சொன்ன அந்தக் கோரிக்கையை என்னால் முழுமனதோடு ஏற்க முடியவில்லை. 2019 இல் அமெரிக்க ஜி.எம். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சிலாவோவில் சிலர் மேலதிக நேர வேலைசெய்ய மறுத்தார்கள், வேலை போனது. எல்லைக்கு அப்பால், முகம் தெரியாதவர்களுக்காக. இந்தக் கதை முழுவதிலும் விசுவாசம் என்ற சொல்லுக்கு முழுத் தகுதியுள்ளவர்கள் அவர்கள்தான் என்று நினைக்கிறேன். அவர்கள் செய்த ட்ரக் 3 இல் தொடங்கும். துரோகி என்ற சொல் எவ்வளவு சுலபமாக ஒருவர்மேல் ஒட்டப்படும் என்பதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. ஓர் எண்ணைக் காட்டி நம்மவர், பிறத்தியார் என்று பிரிக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூசும்.

2021 நவம்பரில் ஆலை திரும்பத் திறந்தது, ட்ரக்குகள் வந்தன. 2025 இல் அமெரிக்க வரி வந்தது. மே மாதம், மூன்றாவது ஷிப்ற் நிறுத்தப்படும் என்று அறிவித்தார்கள். பிறகு அது 2026 ஜனவரி இறுதிக்குத் தள்ளிப்போனது. இது எங்கள் வீட்டுக்குள்ளேயும் வந்தது. மனைவியின் தம்பி கூரை வேலை செய்கிறவர். அவருடைய மனைவிக்கு ஆலைக்கு உதிரிப்பாகம் அனுப்பும் ஓர் இடத்தில் வேலை. அவருடைய ட்ரக் கிழடாகிவிட்டது, புதிது வேண்டும். ஆலையில் வேலைசெய்யும் நண்பர்கள் 2 இல் தொடங்குவதை வாங்கு என்கிறார்கள். கூரைத் தகடும் ஏணியும் ஏற்றி விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிடுகிறவருக்கு, ட்ரக் ஒரு நாள் நின்றால் அன்று நாலு பேருக்குச் சம்பளம் இல்லை.

"அத்தான், கொம்பனிக்கு நான் ஒண்டும் கடன்படேல்லை," என்றார். "ஆனா லைனிலை நிக்கிற பெடியங்கள் என்ரை கலியாணத்துக்கு வந்தவங்கள். அவங்களுக்கு என்ன சொல்லுறது?"

இங்கே பிறந்த என் மகள் குறுக்கிட்டாள். "மாமா, உங்களுக்குக் கொம்பனியைத் தெரியும். கொம்பனிக்கு உங்களைத் தெரியாது. பிறகென்ன?"

அவள் சொன்னது சரி. அவர் கேட்டதும் சரி. அவளுடைய பதில் கொம்பனியைப் பற்றியது, அவருடைய கேள்வி பெடியங்களைப் பற்றியது. கொம்பனிக்கு வொறன்ரிக் கணக்குப் போதும்: அளந்து தந்ததை அளந்து வாங்கு, தராவிட்டால் நடுவரிடம் போ. பெடியங்களின் கணக்கு அப்படி முடியாது. ஆனால் அந்தக் கடனை 70,000 டொலர் ட்ரக் ஒன்றை வாங்கித்தான் அடைக்கவேண்டுமா? ஷிப்ற் நிற்கும்போது அவர்கள் மறியலில் நின்றால் பக்கத்தில் போய் நிற்கலாம். வேலை போனவனைக் கூரை வேலைக்குக் கூப்பிடலாம். இதை நான் சொன்னபோது அவர் தலையாட்டவில்லை. "நிக்கலாம்தான் அத்தான். ஆனா நான் வேறை ட்ரக்கிலை போய் இறங்கினா, பாக்கிற பார்வை ஒண்டு இருக்கெல்லே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவர் இன்னும் வாங்கவில்லை. பழைய ட்ரக் 310,000 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. எல்லா வொறன்ரியும் எப்போதோ முடிந்துபோன அதை, ஸ்காபரோவில் ஒரு தமிழரின் கராஜில் விட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.