காரியமும் களிப்பும்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு மும்பைக்கு வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு மிகவும் அரிதான பொருள் எது என்று கேட்டால், இடம் என்று சிலர் கூறுவர். தண்ணீர் என்று சிலர் கூறுவர். நம்மைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை என்றே கூறுவோம். வார நாள்களை அலுவலகமும் பள்ளியும் மின்சார இரயிலும் தம்முள் பங்கிட்டுக்கொள்கின்றன. எஞ்சி நிற்கும் அந்த ஒரு நாளில்தான் வீட்டுக்கு வேண்டியவற்றை வாங்க வேண்டும். பழுதான மிக்ஸியைக் கொடுத்துவர வேண்டும். திருமணத்துக்கு அழைத்தவர் வீட்டுக்கும் சென்றுவர வேண்டும். அதே ஒரு நாளைத்தான் வீட்டிலுள்ள சிறுவர்களும் திங்கட்கிழமை முதலே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கின்றனர்.

ஒரு நாளுக்கு இரண்டு உரிமையாளர்கள்! இவ்வழக்கைத் தீர்க்க நம்மிற் பலர் ஒரு வழி கண்டிருக்கிறோம். காரியமாகப் போகும் பயணத்தையே குடும்ப உலாவாக ஆக்கிக்கொள்கிறோம். பாட்டியிடமோ அத்தையிடமோ பிள்ளைகளை விட்டுச் செல்ல இயலாத வீடுகளில் இது விருப்பத்தால் நேர்வதைவிட வேறு வழியின்மையால் நேர்வதே மிகுதி. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. இவ்வாறு செய்வது குழந்தைக்கு உரியதைக் கொடுப்பதா? அன்றி, கொடுத்தாற்போற் காட்டி நம் காரியத்தை முடித்துக்கொள்வதா? பெற்றோர் தம் பிள்ளைகளிடம் நேர்மையாக நடக்கின்றனரா என்னும் பெரிய கேள்வி இச்சிறு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

ஞாயிறு வந்த வரலாறு

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாளாக இருப்பது இயற்கையின் நியதிபோல் நமக்குத் தோன்றலாம். இந்நகரத்துப் பஞ்சாலைத் தொழிலாளருக்கு ஒரு காலத்தில் அந்த ஓய்வு இல்லை. 1884-இல் பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கென ஓர் அமைப்பைத் தோற்றுவித்த நாராயண் மேகாஜி லோகண்டே பல்லாற்றானும் முயன்ற பின்னரே, 1890-இல் ஆலை முதலாளிகள் வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறைக்கு இசைந்தனர். நாம் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு கழிக்கும் இந்த நாள் ஒரு தலைமுறை பாடுபட்டுப் பெற்றுத் தந்த நாள். அதனைச் செலவிடும் முறையைப் பற்றிச் சற்றே சிந்திப்பது தகும்.

நம் முன்னோர் வாழ்வில் வேலை வேறு, களிப்பு வேறு என்னும் பிரிவு இத்துணைக் கூர்மையாக இருந்ததில்லை. வாரச் சந்தைக்குப் போன தந்தையின் தோளில் குழந்தையும் போயிற்று. மாட்டுக்குக் கயிறும் வீட்டுக்குப் புளியும் வாங்கிய கையே குழந்தைக்குப் பொரியுருண்டையும் ஊதலும் வாங்கிக் கொடுத்தது. எது காரியம், எது களிப்பு என்று எவரும் பிரித்துப் பார்த்ததில்லை. பெருநகரமே அவ்விரண்டையும் பிரித்துவைத்து, களிப்புக்கெனத் தனியே சீட்டு விற்கத் தொடங்கியது.

திருவள்ளுவர் மக்கட்பேற்றுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். அங்கே அவர் வியந்து பேசும் இன்பங்களுள் ஒன்று, தம் பிள்ளையின் சிறிய கை துழாவிய உணவின் சுவை. விளையாட்டுப் பொருளை விட்டுப் பெற்றோர் உண்ணும் கூழிலே அந்தக் கை நுழைந்தது என்பதை நாம் கருத வேண்டும். பெரியவர் காரியத்தில் குழந்தை கையிட்டால் காரியம் கெடும் என்பது உலகியல். இனிக்கும் என்பது அவர் கண்ட அறம். நம் ஞாயிற்றுக்கிழமைக்கும் அவர் கருத்து பொருந்தும்.

மாட்டுங்காவுக்குப் போகும் வழி

டோம்பிவிலியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் மாட்டுங்காவுக்குச் செல்வதை எடுத்துக்கொள்வோம். வாழையிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வறுத்தரைத்த காப்பிப்பொடி, பூசைக்குத் தொடுத்த பூ ஆகியவற்றுக்காகவே அப்பயணம். இவற்றுட் பல இன்று வீட்டருகே கிடைப்பினும் மாட்டுங்காப் பழக்கம் நம்மை விடுவதில்லை. 'ஃபாஸ்ட்' வண்டி அங்கே நிற்பதில்லை. குர்லாவிலோ தாதரிலோ மாறிச் சென்று பத்து நிமிடம் மிச்சப்படுத்துவோர் உண்டு; தொடக்கத்திலேயே 'ஸ்லோ' வண்டியில் ஏறி அமர்வோரும் உண்டு. ஞாயிறாயின் தண்டவாளப் பராமரிப்புக்கான 'மெகா பிளாக்' வேறு குறுக்கிடும்.

பெரியவர்களுக்கு இத்தாமதம் எரிச்சல். சன்னலோரம் இடம் கிடைத்த குழந்தைக்கோ அதுவே உலா. மும்ப்ராவை நெருங்கும்போது ஒருபுறம் குன்றும் மறுபுறம் கழியுமாகப் பாதை வளைகிறது. 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் ஓடிய நாட்டின் முதற் பயணியர் இரயில் சென்ற வழியிலேதான், தாணேவைத் தாண்டியபின் நம் வண்டியும் செல்கிறது. இதனைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லக் கட்டணம் ஏதுமில்லை. 2017-இல் முழுவதும் பெண் ஊழியரைக் கொண்டு இயங்கத் தொடங்கிய நிலையம் என்ற பெருமை மத்திய இரயில்வேயின் மாட்டுங்காவுக்கு உண்டு என்று நம் மகளிடம் சொல்லலாம்.

கடைவீதியிலோ நாம் எதிர்பாராத வேறொரு பயன் விளைகிறது. பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும், விளையாட்டில் இந்தியும் பேசி வளரும் பிள்ளை, சேனையையும் சேம்பையும் வாழைப்பூவையும் கையில் எடுத்துப் பார்த்து அவற்றின் பெயரைத் தமிழிலேயே கேட்கிறது. "பத்து எலுமிச்சம்பழம் பொறுக்கிப் போடு கண்ணு" என்று கடைக்காரர் சொல்ல, பிள்ளை ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிப் போடுகிறது. எழுத்துப் பயிற்சிப் புத்தகம் பல மாதம் முயன்றும் தராததை ஒரு கூடைப் பழம் தந்துவிடுகிறது. தன் மொழிக்கு வீட்டுக்கு வெளியிலும் வேலை உண்டு என்று அக்குழந்தை அறிந்துகொள்கிறது.

மூன்று கடன்கள்

இவ்வளவும் உண்மையே. எனினும் பிள்ளையை உடன் அழைத்துப் போவதால் மட்டும் காரியம் உலாவாகிவிடாது. அதற்குப் பெற்றோர் செலுத்த வேண்டிய கடன்கள் மூன்று உள.

முதலாவது வாய்மை. "ஊர் சுற்றப் போகலாம் வா" என்று அழைத்துச் சென்று நான்கு கடை வாசல்களில் நிறுத்திவைப்பது ஏமாற்று. "கடைக்குப் போகிறோம், பை பிடிக்க நீயும் வா" என்று சொல்லி அழைப்பதில் ஏமாற்று இல்லை, பிள்ளைக்கு ஒரு மதிப்பும் அதில் உண்டு. இதனினும் நுட்பமான பொய் ஒன்று உளது. "வேலை சீக்கிரம் முடிந்தால் ராணி பாகுக்குப் போகலாம்" என்பது அது. பைகுல்லாவில் 1862-இல் திறக்கப்பட்ட அத்தோட்டத்து விலங்குகளைக் காணும் ஆசையிற் குழந்தை அமைதியாக உடன் வருகிறது. வேலை சீக்கிரம் முடிவதோ கடைக் கூட்டத்தையும் இரயிலையும் பொறுத்தது. அவற்றில் எதுவும் குழந்தையின் கையில் இல்லை. தவறினால் தண்டனை மட்டும் குழந்தைக்கு. பிறரை நம்பி நிற்கும் வாக்குறுதியைப் பிள்ளைக்கு அளித்தல் ஆகாது. மாட்டுங்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் 'ஃபைவ் கார்டன்ஸ்' இருக்கிறது. அரை மணி நேரம் அங்கே மரநிழலில் ஓடி ஆடுவதை உறுதியாகச் சொல்லலாம். கடைக்குப் போகும் முன்னரே கொடுத்தும் விடலாம். சிறிதாயினும் தவறாதது சிறுவர்களுக்குப் பெரிது.

இரண்டாவது, நடை. நாம் பட்டியலைப் பார்த்து நடக்கிறோம். குழந்தை பூத்தொடுப்பவரின் விரல்களைப் பார்த்து நிற்கிறது. "சீக்கிரம் வா" என்னும் சொல்லைத் தவிர வேறொன்றும் அன்று நம் வாயிலிருந்து வரவில்லையாயின், தான் ஒரு தடை என்ற ஒன்றையே குழந்தை கற்றுக்கொண்டு வீடு திரும்பும். ஐந்து காரியங்களோடு புறப்பட்டு மூன்றை முடித்து வருவதிற் குறைவொன்றுமில்லை. காரியங்களைக் குறைக்க இயலாத நாளும், நோயாளியைப் பார்க்கவோ துக்கம் கேட்கவோ போகும் நாளும் உண்டு. அவற்றுக்கு உலா என்னும் பெயரைச் சூட்டாதிருப்பதே நேர்மை. துன்பத்தில் இருப்பவர் முன் அடக்கமாக அமர்ந்திருப்பதும் பிள்ளைகள் கற்க வேண்டியதே. அதனை அதன் பெயராலேயே கற்பிக்கலாம்.

மூன்றாவது கடன் குழந்தைக்கு உரியதன்று, தாய்க்கு உரியது. விடியுமுன் எழுந்து புளியோதரை கிளறிக் கட்டியவர் எவர்? தண்ணீர்ப் புட்டியும் மாற்றுடையும் எடுத்து வைத்தவர் எவர்? மாலையில் வீடு திரும்பியதும் மற்றவர் விசிறியின்கீழ் சாய, கீரையை ஆய்ந்து வைத்துவிட்டு இரவுச் சமையலுக்கு அடுப்பை மூட்டுபவர் எவர்? குடும்ப உலா என்று நாம் மகிழ்ந்து கூறுவது பல வீடுகளில் ஒருவருக்கு மட்டும் இரட்டை வேலை. லோகண்டே முயன்று பெற்ற ஓய்வு ஆலை வாயிலைக் கடந்து நூறாண்டுக்கு மேலாயிற்று; அடுக்களை வாயிலை அது இன்னும் முழுதும் கடக்கவில்லை. உறங்கிவிட்ட பிள்ளையைத் தந்தை சுமப்பதும், அன்றிரவு தயிர்ச்சோறோடு அனைவரும் நிறைவு கொள்வதும், பாத்திரம் துலக்கப் பல கைகள் முன்வருவதும் அவ்வுலாவின் பகுதிகளே. அவை இல்லையேல் குழந்தைக்குக் கொடுத்த களிப்பைத் தாயிடமிருந்து பறித்தே கொடுத்தோம் என்றாகும்.

ஆகவே, காரியப் பயணத்தை உலாவாக்குவது முறையா என்ற கேள்விக்கு நம் விடை, முறையே என்பதாம். பிள்ளைகளுக்கெனத் தனி நாள் ஒதுக்க இயலாத எளிய குடும்பம் அதற்காக நாண வேண்டியதில்லை. தன் பெற்றோர் எங்ஙனம் பொருள் வாங்குகின்றனர், எங்ஙனம் காசை எண்ணிக் கொடுக்கின்றனர், அயலாரிடம் எங்ஙனம் பேசுகின்றனர் என்று உடனிருந்து காணும் பிள்ளை, வாழ்க்கையையே காண்கிறது. உண்மை சொல்லி அழைத்துச் சென்று, அதன் நடைக்கு நம் நடையைத் தாழ்த்தி, சுமையை நால்வரும் பகிர்ந்துகொண்டால் அந்த ஞாயிறு இருவர் உரிமை கோரும் பொருளாக இராது. குடும்பம் முழுமைக்கும் பொதுவாகிவிடும். வரும் ஞாயிறு பையை எடுக்கும்போது, பட்டியலில் உள்ளவற்றுள் எதை விட்டுவிடலாம் என்று முதலில் கேட்டுப் பார்ப்போமாக.