ஒளித்து விழுங்கும் மாத்திரை

சர்க்கரைக்கும் பிரஷருக்குமான மாத்திரைகள் நம் வீடுகளில் சாப்பாட்டு மேசை மேலேயே கிடக்கும். "மாத்திரை போட்டாச்சா தாத்தா?" என்று பேரப்பிள்ளைகூடக் கேட்கும். மனச்சோர்வு மாத்திரைக்கு மட்டும் அந்த இடம் இல்லை. அது புடவை மடிப்புக்குள் போகிறது, வைட்டமின் டப்பாவுக்குள் ஒளிகிறது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் மருத்துவரைக் கேட்காமலே நின்றுவிடுகிறது.

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃபுளூவாக்செட்டின் போன்றவை மருத்துவர் சொன்னபடி சாப்பிட்டால் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானவை. அவற்றால் நேரும் ஆபத்துகளை யோசித்துப் பார்த்தால், பலவற்றின் பின்னால் இந்த ஒளிவுதான் நிற்கிறது.

முதல் வாரங்களையே எடுத்துக்கொள்வோம். குமட்டல், தலைவலி, தூக்கக் கெடுதல், படபடப்பு எல்லாம் முன்னால் வந்துவிடும். மனம் லேசாகத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரமாகும். முழுப் பலனுக்கு இன்னும் கூடுதலாகும். பலரும் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். இளம் வயதினர் சிலருக்கு, தொடக்கத்திலும் அளவை மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் சிறுவர்களுக்கென விதித்த கடும் எச்சரிக்கையை, 2007-இல் 24 வயது வரை நீட்டித்தது. மகன் இரவெல்லாம் தூங்காமல் நடக்கிறானா, பேச்சில் விரக்தி கூடுகிறதா, திடீரென்று அளவுமீறிய உற்சாகமா என்று வீட்டில் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லலாம். ராத்திரியானால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. மாத்திரை சாப்பிடுவதே தெரியாத வீட்டில் யார் பார்ப்பது?

அடுத்து, முட்டிவலிக்கென்று வேறொரு மருத்துவரிடம் போகிறோம். "வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" "இல்லை டாக்டர்." அந்த ஒரு சொல்லை நம்பி அவர் ட்ரமடால் எழுதினால், இரண்டும் சேர்ந்து உடலில் செரோட்டோனின் அளவு மீறலாம்: நடுக்கம், காய்ச்சல், குழப்பம். இபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு அதிகம். சில இருமல் மருந்துகளும் ஒத்துவராது. இதோடு பிரஷருக்கு நீர் மாத்திரையும் சாப்பிடும் முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கித் தள்ளாட்டமும் தடுமாற்றமும் வரலாம். விஷயம் தெரியாதவர்கள் அதை வயதின் மேல் போட்டுவிடுவார்கள்.

நிறுத்துவதும் ரகசியமாகத்தான் நடக்கிறது. நன்றாக இருக்கிறதே, இனி எதற்கு என்று தோன்றும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்பது பொதுவான மருத்துவ ஆலோசனை. சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும், தலைக்குள் மின்சாரம் வெட்டுவது போன்ற உணர்வும் வரலாம். இதே வகை மாத்திரையான பராக்செட்டின் சில நாளிலேயே உடலைவிட்டுப் போய்விடும். ஃபுளூவாக்செட்டின் வாரக்கணக்கில் தங்கும். எதை எவ்வளவு மெதுவாகக் குறைப்பது என்று மருத்துவர்தான் சொல்ல முடியும்.

ஒளிப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த ஊரில் ஒரு மருந்துச் சீட்டு கல்யாணத்தையே நிறுத்திவிடும். ஆனால் மனச்சோர்வும் ஆளைத் தனியாக்கும் நோய்தான். யாரிடமும் சொல்லாதே, யாருக்கும் பாரமாகாதே என்று உள்ளேயிருந்து அது ஓயாமல் பேசும். ஊருக்குப் பயந்து மறைக்கிறோம் என்று நினைக்கையில், நோயின் பேச்சையும் சேர்த்தே கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. எந்த மருத்துவரிடம் போனாலும் அவருக்கும், வீட்டில் ஒருவருக்கும் தெரிந்தால் போதும். "அக்கா, நான் இந்த மாத்திரை சாப்பிடுறேன்" என்று ஒருவர் வாய் திறக்கும்போது, நோய் இட்ட கட்டளையை முதன்முறையாக மீறியிருக்கிறார்.