கரதோஷமன்று, ஞானமே வேண்டும்

பிரசங்கியின் புகழே அவர் வாக்குக்குப் பிரமாணமாகுமா? 2006-இல் பீஸ் டிவியைத் தொடங்கிய ஜாகிர் நாயக் அவர்கள், 2019 ஆகஸ்டில் கோத்தா பாருவில் பேசுகையில், மலேசியச் சீனரைப் பழைய விருந்தாளிகளென்றும், இந்நாட்டு இந்துக்கள் தம் பிரதமரினும் இந்தியப் பிரதமரையே அதிகம் ஆதரிப்போரென்றும் மொழிந்தார். போலீசார் அவர் பேச்சுக்குத் தடை விதித்தனர். அவரும் மன்னிப்புக் கோரினார்.

எனினும், தடை வாயை அடைக்குமேயன்றிச் செவியைத் திருத்துமோ? பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இரயில் பாதைக்கும் துறைமுகத்துக்கும் உழைத்தோரின் பேரப்பிள்ளைகளை, உடன் படித்த முஸ்லிம் வாலிபர்கள் திரைமொழி கேட்டு அன்னியரென்று கருதுவாராயின், நஷ்டம் இருசாராருக்குமேயாம். வசனங்களை எண்ணோடு ஒப்பித்தல் ஞாபகசக்தி. அயலானுக்கு நீதி செய்தலே ஞானம். ஆதலின் வாலிபர்களே! பேசுவோர் எம்மதத்தவராயினும், நம்மவரேயாயினும், கைதட்டுமுன் "இது நியாயந்தானா?" என்று கேளுங்கள்.