சுட அனுமதி வந்த பிறகு

பரமக்குடி வட்டாரத்தில் மானாவாரி நெல் பால் பிடிக்கும் மார்கழியில், காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவு வயலில் இறங்கினால் போதும். தின்றதைவிட மிதித்துப் புரட்டியதே அதிகமாக இருக்கும். கதிர் சேற்றோடு சேர்ந்து கிடக்கும். வரப்பை மூக்கால் கிளறி உடைத்துப் போட்டிருக்கும். வயலைச் சுற்றிக் கம்பு ஊன்றிப் பழைய சேலைகளைக் கட்டுகிறார்கள். சில நாள் மிரளும், அப்புறம் பழகிவிடும். பகலெல்லாம் பன்றிகள் படுத்துக் கிடப்பது கண்மாய்க்குள் மண்டிய சீமைக் கருவேலப் புதரில்.

இதனால்தான் பன்றியைச் சுட அனுமதி வேண்டும் என்று விவசாயிகள் ஆண்டுக்கணக்காகக் கேட்டார்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசின் அறிவிப்பு வந்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக்கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம், 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். காப்புக்காடு அதிகமில்லாத ராமநாதபுரம் மாவட்டத்தில் பெரும்பாலான வயல்கள் மூன்றாவது வகைக்குள் வரக்கூடியவை. இனி விடிவுதான் என்று நினைத்தவர்கள் பலர். ஆனால் துப்பாக்கி விவசாயியின் கைக்கு வரவில்லை. மனுக் கொடுக்க வேண்டும், விசாரணை நடக்க வேண்டும், ஆள் வர வேண்டும். அதுவரை பன்றி அதே வயலில் காத்திருக்காது.

உயிரைக் கொல்லத் தரப்படும் அனுமதியிலிருந்து மனிதன் என்ன எதிர்பார்க்கலாம் என்ற கேள்வி இங்கே எழுகிறது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பல இடங்களில் எல்க் மானையும் பெருங்கொம்பு ஆட்டையும் வேட்டையாடக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். ஆண்டுதோறும் பணம் கட்டிப் புள்ளி சேர்த்து, இருபது வருடம் காத்திருப்பவர்களும் உண்டு. சீட்டுக் கையில் கிடைக்கும்போது அது கடன்பத்திரம்போல் தோன்றத் தொடங்குகிறது: இவ்வளவு காலம் பொறுத்தவனுக்குப் பெரிய கொம்புள்ள ஆண் விலங்கு கிடைத்தே தீர வேண்டும். காட்டில் படத்தில் பார்த்த கொம்பு தென்படாது. கால் ஓயும், நாள் கரையும். கடைசி நாளில், எட்டாத தூரத்திலிருந்தும் சுடத் தோன்றும். காயத்தோடு ஓடும் விலங்கு எங்கோ கிடந்து சாகும். அந்த இருபது வருடக் காத்திருப்புக்கு அந்த விலங்கு எந்த வகையிலும் கடன்பட்டதில்லை.

ஒழுங்குபட்ட வேட்டை விலங்கினத்தைக் காக்கிறது என்ற எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. அமெரிக்காவில் 1937 முதல் துப்பாக்கி, தோட்டா மீதான வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. நீலகிரியில் 1877இல் வேட்டைக்காரர்களே சங்கம் வைத்தார்கள். 1879இல் வேட்டையைக் கட்டுப்படுத்தச் சட்டமும் வந்தது. வரையாடு இன்று மிஞ்சியிருப்பதில் அந்தக் கட்டுப்பாட்டுக்கும் பங்குண்டு. நம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்திலேயே பெருவிலங்கு வேட்டைக்கு உரிமம் இருந்தது. 1991 திருத்தம்தான் அதை எடுத்தது. எடுத்தது சரி என்பதே இந்தக் கட்டுரையின் நிலை. ஒழுங்காகக் கொல்வதால் இனம் பிழைக்கலாம். ஆனால் இனம் பிழைத்தது என்பது ஆசைக்காகக் கொன்றதற்கு நியாயம் ஆகிவிடாது.

விவசாயியின் கோரிக்கை வேறு தரையில் நிற்கிறது. அவர் கொம்பைக் கேட்கவில்லை, வருஷச் சோற்றைக் கேட்கிறார். கடன் வாங்கி விதைத்தவரிடம் உயிரிரக்கம் பேசுவதற்கு முன்னால், அந்த இரக்கத்தின் செலவை அவர் ஒருவரே சுமக்க வேண்டுமா என்று ஊர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அவருக்குள்ள நியாயம் பயிர் தப்பும் அளவுக்குத்தான். பீகாரின் மொகாமாவில் 2016 ஜூனில் வெளியிலிருந்து வேட்டைக்காரர்களை அழைத்து பயிரை மேய்ந்த 200க்கும் மேற்பட்ட நீல்காய் மான்களைச் சுட்டார்கள். நாடெங்கும் அந்த எண்ணிக்கை பேசப்பட்டது. எத்தனை வயல் தப்பியது என்பதல்லவா முதல் கணக்காக இருந்திருக்க வேண்டும்?

பன்றி விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் அவசியம். ஒரு பெட்டை ஓர் ஈற்றில் நாலைந்து குட்டி போடும். புதரும் தீனியும் இருக்கும்வரை காலியான இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பத்துப் பன்றி செத்தும் அடுத்த மார்கழியில் வயல் அதே கதிக்கு ஆளானால், அந்தப் பத்து உயிரும் வீணில் போனவை. விவசாயிக்கும் அதில் ஆறுதல் இல்லை.

அரசுக்கும் இதில் கடமை உண்டு. அறிவிப்பு ஓர் எதிர்பார்ப்பை உண்டாக்குகிறது; அது வயலுக்கு வந்து சேராவிட்டால், சிலரின் கை அவுட்டுக்காய்க்கும் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) திருட்டு மின்வேலிக்கும் போகும். அவுட்டுக்காயைக் கடிக்கும் மாடு வாய் சிதறி, தின்ன முடியாமல் நாட்கணக்கில் சாகும். மின்வேலியில் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து வயல்காரரும் சாகலாம். தாமதத்தின் பாவத்தில் இதுவும் சேரும்.

அனுமதி தரும்போதே சிலவற்றைக் கேட்க வேண்டும்: எந்த வயல், எந்தக் கூட்டம், கூட்டத்தில் பால்குடிக் குட்டிகள் உண்டா, காயம்பட்டது ஓடினால் தேடிப்போய் முடிப்பது யார். சுட்ட பிறகு அடுத்த பருவத்தில் ஒருவர் அதே வயலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பயிர் தப்பவில்லையென்றால் இரண்டாவது அனுமதிக்கு முன்னால் கண்மாய்ப் புதரை வெட்டவும், வயலுக்கு நல்ல வேலி போடவும், நஷ்டஈட்டை அறுவடைக்குள் கொடுக்கவும் பணம் ஒதுக்க வேண்டும்.